சிஞ்ஞோராவின் துறவிகள்

போன கிழமை பலெர்மோவின் பழைய கால்சாப் பகுதியில் நடந்துகொண்டிருந்தபோது திடீரென்று மழை கொட்டத் தொடங்கியது. ஓடிப்போய் ஒரு பழைய மாளிகையின் வாசல் வளைவுக்குள் ஒதுங்கினேன். புதிதாகத் திருத்தி, வெள்ளையடித்து, பித்தளைப் பலகை மாட்டிய மாளிகை. பக்கத்து வீட்டு யன்னலில் கண்ணாடி இல்லை, பொலித்தீன் கட்டியிருந்தது. என்னோடு ஒதுங்கியவர்களில் ஒரு வயதானவர் தடித்த கறுப்புக் கம்பளி மேலங்கி போட்டிருந்தார். அது ஊறிப்போயிருந்தது. நனைந்த கம்பளிக்கென்று ஒரு மணம் உண்டு. கொஞ்சம் ஆடு, கொஞ்சம் பழைய அலுமாரி, கொஞ்சம் ஈரச் சாக்கு. அது மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் ஒரு காலத்தில் துறவியாக இருந்தவன், உங்கள் மேலங்கியின் மணம் அந்த நாட்களுக்குக் கூட்டிக்கொண்டு போகிறது என்று சொல்லியிருந்தால், மழையையும் பாராமல் வெளியே இறங்கி நடந்திருப்பார்.

உங்களிடம் சொல்லலாம். நீங்கள் இதைவிட மோசமான கதைகளெல்லாம் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள்.

நான் வட்டுக்கோட்டைச் சைவக்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சைவக்காரரும் கிறிஸ்தவரான வேதக்காரரும் சேர்ந்து, ஊரைக் காக்கும் புனிதை சந்தா ரொசாலியாவின் மலைக்கு ஏறுகிற ஊர் இந்தப் பலெர்மோ. ஆகவே ஒரு புனிதரோடு ஒட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல. ஆனால் நானே புனிதனாகி, அதற்குச் சம்பளமும் வாங்குவேன் என்று என் சாதகம் எழுதினவர்கூட நினைத்திருக்கமாட்டார்.

வந்த புதிதில் சியாகுல்லியில் மாண்டரின் தோட்டங்களில் பழம் பிடுங்கினேன். என்னோடு பிடுங்கியவர் மன்னார்க்காரர், குரூஸ் அண்ணை. ஊரில் அவர் கோயில் மூப்பராக இருந்தவர். சுவாமியார் வராத நாட்களில் செபம் சொல்லுவது, சாகக்கிடக்கிறவர்களுக்குப் பக்கத்தில் இருந்து மன்றாடுவது எல்லாம் அவர்தான். பழக்கூடையைத் தூக்கும்போதும் வாய்க்குள் ஏதாவது செபம் ஓடிக்கொண்டிருக்கும். நான் வாய்க்குள் ஓட்டியது பெரும்பாலும் தோட்டக்காரனுக்கான வசவு. இந்த வித்தியாசத்தைத் தவிர எங்கள் இருவருக்கும் எல்லாம் ஒன்றுதான். ஒரே அறை, ஒரே சட்டி, ஒரே முதுகுவலி.

பிறகு ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஒரு சீமாட்டியின், கையில் போய்ச் சேர்ந்தோம். பொலிதேயாமாப் பக்கம் பெரிய வீடு. சுவரெல்லாம் செத்துப்போன உறவினர்களின் ஓவியங்கள். எல்லாருக்கும் ஒரே மூக்கு. அவருடைய பாட்டன் பரம்பரை ஏதோ பிரபுக்களாம். இந்த நாட்டில் அந்தப் பட்டங்கள் செல்லாமல் போய் எவ்வளவோ காலம், ஆனால் அந்தச் செய்தியைச் சிஞ்ஞோராவுக்குச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. நான் வீட்டுக்குள்ளே, கிளாசு துடைக்க. குரூஸ் அண்ணை வெளியே, சியாகுல்லியைத் தாண்டி மலைப்பக்கம் இருந்த அவருடைய காணியைப் பார்க்க. இந்த நாட்டில் இருக்க எங்கள் இருவருக்கும் தந்த பெர்மெஸ்ஸோவும் அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை இல்லையென்றால் ஒப்பந்தம் இல்லை, ஒப்பந்தம் இல்லையென்றால் அனுமதி இல்லை. அதனால் சிஞ்ஞோரா என்ன சொன்னாலும் நாங்கள் "சீ, சிஞ்ஞோரா" என்போம். அந்தப் பதிலோடுதான் எங்கள் துறவறம் தொடங்கியது.

அந்தக் காணிக்குள்ளே ஒரு இடிபாடு இருந்தது. மத்திய காலத்தில் ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் வந்து கட்டிய சின்ன மடம். ஆசீர்வாதப்பர் என்றால் பெனடிக்ட் என்று குரூஸ் அண்ணைதான் எனக்கு விளக்கினார். நான் பார்த்தபோது மூன்று சுவர், ஒரு வளைவு, வளைவுக்குப் பின்னால் பீடம் இருந்த அரைவட்டம். கூரை இருந்த இடத்தில் ஆகாயம். பீடம் இருந்த இடத்தில் ஒரு காட்டு அத்தி. மற்றபடி ஆடுகள். கீழே இருந்த குடிமனைச் சனம் அதைக் "குவென்து" என்றது, மடம் என்று பொருள். சிஞ்ஞோராவுக்கு அந்தச் சொல் ஆகாது. "பிரியொராத்தோ" என்று வாய் நிறையச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருநாள் கேட்டேன்.

"குவென்து என்றால் ஆடுகள் வரும். பிரியொராத்தோ என்றால் ஆட்கள் வருவார்கள்" என்றார்.

துறவிகள் ஏன் விட்டுவிட்டுப் போனார்கள் என்பதற்கும் அவரிடம் பல விளக்கங்கள் இருந்தன. பிரான்சிலிருந்து விருந்தினர் வந்தால், கடற்கொள்ளையர். சுவாமிமார் வந்தால், கடவுள் பயமற்ற அரசாங்கம். நான் கேட்டதற்கு, "ஈரம்" என்றார்.

ஆட்களை வரவழைக்க மிலானிலிருந்து ஒரு ஆலோசகரைக் கூப்பிட்டார். கணுக்கால் தெரியும் காற்சட்டை, காலுறை இல்லாத சப்பாத்து. அந்த மனிதர் இடிபாட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார், ஆட்டுப் புழுக்கையை மிதித்தார், வளைவுக்கு நடுவில் நின்று கண்ணை மூடினார். பிறகு சொன்னார்: "சுவர் இருக்கிறது. சூரிய அஸ்தமனம் இருக்கிறது. ஆனால் பிரசென்சா இல்லை."

பிரசென்சா என்றால் இருப்பு. அங்கே யாராவது இருக்க வேண்டுமாம். வெறும் கல்லைப் பார்க்க இந்தக் காலத்தில் ஒருவரும் மலையேறமாட்டார்களாம். ஆனால் தூரத்தில் ஒரு கறுப்பு அங்கி, தலை குனிந்து, மெதுவாக, சுவரோரம் நடந்து போனால் போதுமாம். முதலில் நாடகப் பள்ளியில் படித்த பெடியன்களைக் கேட்டுப்பார்த்தார்கள். அவர்கள் காப்புறுதி கேட்டார்கள், மத்தியானச் சாப்பாடு கேட்டார்கள், பாத்திரத்தின் மனநிலை என்ன என்றும் கேட்டார்கள். சிஞ்ஞோராவுக்கு மூன்றாவது கேள்விதான் பொறுக்கவில்லை. அவர் திரும்பிப் பார்த்த இடத்தில் நான் கிளாசு துடைத்துக்கொண்டு நின்றேன். வாசலில் குரூஸ் அண்ணை கையில் கத்தரிக்கோலோடு நின்றார்.

"இவர்கள் ஏற்கெனவே மெலிந்துதானே இருக்கிறார்கள்" என்றார் ஆலோசகர்.

எங்கள் இத்தாலியன் அரைகுறை. ஆனால் அதற்கும் வழி இருந்தது. துறவிகளுக்கு மௌன விரதம். அவ்வளவுதான். ஒரு வாக்கியத்தில் எங்கள் மொழிப் பிரச்சினை தீர்ந்தது.

அங்கி தைக்கிற வேலை பலாறோச் சந்தைக்குப் பக்கத்தில் சாறிச் சட்டை தைக்கிற எங்கள் தமிழ் அக்கா ஒருவரிடம் போனது. தடித்த கறுப்புக் கம்பளித் துணியை அவர் அதற்குமுன் கண்டதில்லை. தெரிந்த சாறிச் சட்டை அளவுகளை வைத்துக்கொண்டு தைத்தார். உடம்பெல்லாம் தொளதொளவென்று துறவி, கையிலே மட்டும் இறுக்கமாகக் கலியாணப் பொம்பிளை. நான் கையை உயர்த்தினால் தையல் விட்டுவிடும். அதனால் முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு நடந்தேன். அது மிகுந்த தியானத்தின் அறிகுறி என்று ஆலோசகர் பாராட்டினார்.

குரூஸ் அண்ணைக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. முதல் ஞாயிறு காலை, அங்கியை மடியில் வைத்துக்கொண்டு கல்லில் இருந்தார்.

"தம்பி, இது பாவமில்லையோ?"

"அண்ணை, நீங்கள் வேதம். உங்களுக்கு ஒரு பாவம். நான் சைவம். எனக்கு ரெண்டு கோயிலிலையும் பாவம்."

"பகிடி விடாதை. நான் நடப்பன். தோட்டம் கொத்துவன். ஆனா கை தூக்கி ஒருத்தருக்கும் ஆசீர்வாதம் குடுக்கமாட்டன். அது என்ரை கை இல்லை."

அந்த நிபந்தனையோடு எழும்பினார்.

சனம் வந்தது, உண்மையாகவே வந்தது. வாகனங்களில், சைக்கிள்களில், தலையில் துணி கட்டி, கையில் கேமராவோடு. நாங்கள் வளைவுக்குள்ளால் நடந்து போவோம், மற்றப் பக்கத்தால் திரும்பி வருவோம். ஒரு ஜெர்மன்காரி என்னைப் பார்த்து அழுதாள். என் முகத்தில் நூற்றாண்டுகளின் அமைதி தெரிகிறதாம். எனக்குத் தெரிந்தது பசி. நாங்கள் ஏன் இந்த நிறம் என்று ஒருவர் கேட்டார். சிசிலியின் வரலாறு பல அடுக்குகளால் ஆனது என்று ஆலோசகர் விளக்கினார். கேட்டவர் தலையை ஆட்டிக்கொண்டு, நல்ல அடுக்கு ஒன்றைப் பார்த்த திருப்தியோடு என்னைப் படம் எடுத்தார்.

மத்தியானம் அத்திமரத்துக்குப் பின்னால் அடுப்பு மூட்டி மீன்குழம்பு வைப்போம். யாழ்ப்பாணத்துத் தூள். அதன் மணம் சுவரைத் தாண்டிப் போய்விடும், தடுக்க முடியாது. ஒருநாள் கூட்டத்தில் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி ஒருவர் இது என்ன என்று கேட்க, சிஞ்ஞோரா கண்ணிமைக்காமல், "சகோதரர்கள் மூலிகை காய்ச்சுகிறார்கள். செய்முறை எழுதப்படாதது" என்றார். அது மட்டும் உண்மை. தூள் வறுக்கிற செய்முறையைக் குரூஸ் அண்ணையின் மனுசி தொலைபேசியில்தான் சொல்லுவார்.

அங்கி எனக்குப் பழகிவிட்டது. ஆனால் அங்கியில் என்னை யாரோ எடுத்த படம் பேஸ்புக்கில் ஏறி, அது எப்படியோ கடல் தாண்டி வட்டுக்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தக் காலம் எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா தொலைபேசியில் கத்தினார்.

"டேய், நீ சாமியாராப் போட்டியாம். பொம்பிளையின்ரை தேப்பன் படலையடியிலை வந்து நிண்டு கேக்கிறார்."

"அம்மா, அது வேலை."

"துறவு எப்பிடியடா வேலையாகும்?"

"ஞாயிற்றுக்கிழமையிலை மட்டுந்தான் அம்மா."

பிறகு அம்மா, "மற்ற நாளிலை என்ன செய்யிறாய்?" என்றார். "கிளாசு துடைக்கிறன்" என்றேன். "அதைப் படம் எடுத்து அனுப்பு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பலெர்மோவிலும் புகை கிளம்பியது. எங்கள் சைவக் கோயில்காரர் கூடி, நான் மதம் மாறிவிட்டதாக முடிவெடுத்தார்கள். வேதக்காரர் கூடி, நான் மதத்தைப் பரிகசிப்பதாக முடிவெடுத்தார்கள். பொங்கலுக்கும் நத்தாருக்கும் மண்டபம் எடுக்கிற விசயத்தில்கூட ஒத்துவராத இரண்டு பகுதியும் என் விசயத்தில் மட்டும் கைகோத்துக்கொண்டன. என்னால் சமூகத்துக்கு ஏற்பட்ட ஒரே நன்மை அதுதான்.

இப்படிச் சிரித்துக்கொண்டே போயிருக்கலாம். நீனா வந்தாள்.

கீழே குடிமனையில் இருந்த கிழவி. கேமரா இல்லை, தலையில் கறுப்புத் துணி. கூட்டம் எல்லாம் போன பிறகுதான் மேலே ஏறி வருவாள். வளைவடியில் முட்டை, காட்டுச் சோம்புக்கீரை, சில வேளை ஒரு பாண் வைத்துவிட்டு, கல்லில் முழந்தாளிட்டுக் கொஞ்ச நேரம் இருப்பாள். நாங்கள் ஆடு மாதிரி நிற்போம். சிஞ்ஞோராவின் சனத்துக்கு முன்னால் நடக்கிறது லேசு. இந்தக் கிழவிக்கு முன்னால் நிற்க எனக்குக் கால் கூசியது. குரூஸ் அண்ணை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஒரு ஞாயிறு அவள் எழும்பி நேரே அண்ணையிடம் வந்தாள். புருசனுக்குக் கடும் வருத்தம், இனி எழும்பமாட்டார். பங்குச் சுவாமியார் வந்து கடைசி எண்ணெய் பூசுதல் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், எல்லாம் முறையாக நடந்தது. ஆனால் புருசன் வாழ்நாளெல்லாம் தன் யன்னலால் இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தவர். இப்போது துறவிகளும் திரும்பி வந்துவிட்டார்கள். ஒருமுறை அவரை வந்து பாருங்கள், அவ்வளவுதான் என்றாள்.

மௌன விரதம் அந்த இடத்தில் உடைந்தது. குரூஸ் அண்ணை தோட்டத்தில் பொறுக்கிய சிசிலியனில், "அம்மா, நான் சுவாமியாருமில்லை, துறவியுமில்லை. வேலைக்காரன்" என்றார்.

நீனா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓமோம், எல்லாரும் ஆண்டவரின்ரை வேலைக்காரர்தானே" என்றாள்.

இதற்குமேல் ஒருவன் எப்படி உண்மை பேசுவது?

அண்ணை அத்திமரத்துக்குப் பின்னால் போய் அங்கியைக் கழற்றினார். பழைய புல்லோவரைப் போட்டார். "நீயும் கழட்டு" என்றார். "சாகிற மனிசனுக்குச் செபம் சொல்ல எனக்கு உரிமை இருக்கு. ஊரிலை எத்தினை பேருக்குச் சொன்னனான். ஆனா இந்த வேசத்தோடை வரமாட்டன்."

இறங்கிப் போனோம். வாசலில் எங்கள் உடுப்பைப் பார்த்து நீனாவின் முகம் கொஞ்சம் வாடியது. உள்ளே யன்னலோரம் கட்டில். கட்டிலில் கிடந்தவர் எங்களுக்குத் தெரிந்தவர். சூ தானு! சூ என்றால் எங்கள் அப்பு, அண்ணை என்கிற மாதிரி ஒரு முறை. சியாகுல்லியில் ஒரு பருவம் முழுக்க எங்களோடு ஒரே வரிசையில் மாண்டரின் பிடுங்கியவர். ஆள் பாதியாகிப் போயிருந்தார், ஆனால் எங்களைக் கண்டதும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் முடிய நெடுநேரம் பிடித்தது. நீனாவைக் கோப்பி போட அனுப்பினார். அவள் குசினிக்குள் போனதும், தணிந்த குரலில் சொன்னார்.

"முதல் ஞாயிறே கண்டுட்டன். கூடை தூக்கித் தூக்கி உனக்கு ஒரு தோள் சரிவு, குரூஸ். எந்த அங்கி போட்டாலும் அது மறையாது."

"சூ தானு, உங்கடை மனுசிக்கு நாங்கள்..."

"சொல்லாதை." கையைத் தூக்கினார். "மகன் செத்ததிலையிருந்து அவள் கோயில் வாசல் மிதிக்கேல்லை. செபமாலையைக் கிணத்துக்கை போட்டவள். என்னோடையும் சரியாக் கதைக்கிறேல்லை. இப்ப அந்தச் சுவரடியிலை போய் முழந்தாள் போடுறாள். திரும்பி வந்து என்னோடை இருந்து கதைக்கிறாள். நான் போனபிறகு அவளுக்கு வேறை என்ன இருக்கு? நாளைக்கு வா. உடுப்போடை வா."

குரூஸ் அண்ணை கட்டில் சட்டத்தைப் பிடித்தார். "நான் பொய் சொல்லமாட்டன், சூ தானு."

"ஆரடா உன்னைச் சொல்லச் சொன்னது? உங்களுக்கு மௌன விரதமெல்லோ!"

திரும்பி மேலே ஏறினோம். எனக்கு அப்போதெல்லாம் எதற்கும் ஒரு பகிடி நாக்கு நுனியில் தயாராக இருக்கும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

அங்கி காணியை விட்டு வெளியே போகக்கூடாது என்பது சிஞ்ஞோராவின் சட்டம். அடுத்த நாள் பின்னேரம் குரூஸ் அண்ணை அதைச் சுப்பர்மார்க்கெட் பையில் சுருட்டி எடுத்தார். பையை நான் தூக்கினேன். தானுவின் வீட்டு வேலிக்குப் பக்கத்தில் நின்று போட்டுக்கொண்டார். மழைத் தூறல், கம்பளி ஈரம் குடித்து மணத்தது. உள்ளே போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, தானுவின் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு செபம் சொல்லத் தொடங்கினார். தமிழில். மன்னாரில் மரணப்படுக்கையில் சொல்லுகிற அந்த நீட்டி இழுத்த ராகத்தில். நீனா கதவடியில் முழந்தாளிட்டாள். அது எந்த மொழி என்று அவள் கேட்கவில்லை. தானு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுவில் ஒருமுறை ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பிறகு ஒவ்வொரு பின்னேரமும் போனோம். நான் குசினியில் நீனாவோடு இருந்து போஞ்சி உரித்துக் கொடுத்தேன். அவள் மகனைப் பற்றிச் சொன்னாள். மோட்டார் சைக்கிள், கடற்கரை வீதி, ஒரு லொறி. சொல்லி முடித்ததும் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் கோப்பி ஊற்றினாள். நான் மௌன விரதக்காரன் என்பது எவ்வளவு உதவி என்று அப்போதுதான் தெரிந்தது.

தானு ஒரு காலையில் போய்ச் சேர்ந்தார். துறவிகள் பெட்டிக்குப் பின்னால் நடக்க வேண்டும் என்றாள் நீனா. குரூஸ் அண்ணை பூசைக்கு முதலே போய்ப் பங்குச் சுவாமியாரிடம் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னார். நான் வெளியே நின்றேன், அண்ணையைத் துரத்தப்போகிறார் என்று நினைத்தேன். சுவாமியார் வாசலுக்கு வந்து என்னையும் மேலும் கீழும் பார்த்தார். "நீயும் கத்தோலிக்கன்தானா?" என்றார். "இல்லை, சிவன்" என்றேன். அவர் நெற்றியைத் தடவினார். "அந்த மனுசிக்காக நடவுங்கள். ஆனால் பூசை நேரம் ஒன்றையும் தொடாதீர்கள்" என்றார். நடந்தோம்.

செத்தவீட்டுக்கு வந்த சனம் பார்த்தது, பார்த்த சனம் கதைத்தது. மலைமேல் துறவிகள் வந்திருக்கிறார்கள், நோயாளிகளைத் தேடிப் போகிறார்கள், தெரியாத பாசையில் மன்றாடுகிறார்கள். அடுத்த ஞாயிறு கேமராக்காரரை விட, வருத்தக்காரரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அதிகம். ஒரு பத்திரிகைக்காரரும் வந்தார். இவர்கள் எந்த மடத்தைச் சேர்ந்தவர்கள், யார் அனுப்பினார்கள் என்று கேள்வி கிளம்பியது. சிஞ்ஞோரா கொஞ்சமும் தடுமாறவில்லை. "எனக்கு ஒன்றும் தெரியாது. என் வீட்டு வேலைக்காரர்கள். மிகவும் பக்தியான இனம், தாங்களாகவே தைத்துப் போட்டுக்கொண்டார்கள்" என்றார். ஆலோசகர் மிலானுக்குப் போய்விட்டார், காலுறை இல்லாத கால்களோடு.

மறுநாள் சிஞ்ஞோராவின் சட்டத்தரணி குரூஸ் அண்ணையை வேலையால் நிறுத்தினார். காரணத்தை இத்தாலியனில் வடிவாக வாசித்தார். எனக்கு இன்றைக்கும் அது மனப்பாடம்: வேலை உடுப்பை வேலை நேரத்துக்கு வெளியே, சொந்தப் பக்திக்காகப் பாவித்தமை.

சிஞ்ஞோரா என்னைப் பார்த்து, "நீ இருக்கலாம். உன்னிடம் பக்தி ஒன்றையும் நான் கண்டதில்லை" என்றார். அவர் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. "குரூஸ் அங்கியைத் திருடினான் என்று நீ சொன்னால் மட்டும் போதும்."

"சிஞ்ஞோரா, பையைத் தூக்கினது நான்" என்றேன்.

அவருடைய மூதாதையர் எல்லாரும் ஒரே மூக்கால் என்னைப் பார்த்தார்கள்.

அப்படி இருவரும் தெருவுக்கு வந்தோம். பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒப்பந்தம் இல்லாமல் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்குப் போய் நிற்பது என்றால் என்னவென்று இந்த ஊரில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அறையில் இருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் பாணைத் தின்றோம். குரூஸ் அண்ணைக்கு ஊரில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னிடம் ஒருமுறைகூட "ஏன் போனோம்" என்று கேட்கவில்லை.

செய்தி நீனாவுக்கும் போயிருந்தது. அதற்குள் பத்திரிகை எல்லாவற்றையும் போட்டுவிட்டது. குடிமனைச் சனம் வீடு தேடிப்போய் அவளுக்கு விளக்கியும் இருந்தது: அவர்கள் துறவிகளே இல்லை, கிளாசு துடைக்கிறவனும் தோட்டம் கொத்துகிறவனும், ஒருவன் கிறிஸ்தவனே இல்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தாளாம். பிறகு உடுத்துக்கொண்டு சியாகுல்லிக்கு இறங்கி, மாண்டரின் தோட்டம் வைத்திருந்த தானுவின் தம்பியிடம் போய், "ரெண்டு சுவாமிமாருக்கும் முறையான ஒப்பந்தத்தோடை வேலை குடு" என்றாளாம். அந்த மனிதர் மறுக்கப் பார்த்திருக்கிறார். அவள் எழும்பி வரவில்லை, அவ்வளவுதான். பொழுது சாயும்வரை அவருடைய குசினியில் குந்தியிருந்திருக்கிறாள்.

எங்களுக்குப் பெர்மெஸ்ஸோ கிடைத்தது. திரும்பவும் கூடை, திரும்பவும் முதுகுவலி.

என் கலியாணம்? அதுவும் நடந்தது. பெண்ணின் தகப்பன் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாராம்: ஒருக்கால் துறவியாக இருந்தவன் குடிக்கமாட்டான். அவருடைய அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற நான் பட்ட பாடு தனிக்கதை. என் மனுசி கோபம் வந்தால் இன்றைக்கும் "சுவாமி, குப்பையைக் கொண்டுபோய்ப் போடுங்கோ" என்பாள்.

அந்த நாட்களில் பலாறோச் சந்தையில் சில வேளை நீனாவைக் காண்போம். கையில் கூடை, தலையில் அதே துணி. மீன்காரர், மரக்கறிக்காரர் எல்லாருக்கும் முன்னால், புல்லோவரோடு நிற்கிற குரூஸ் அண்ணையைப் பார்த்து, "பாத்ரி" என்று கூப்பிடுவாள். சுவாமி என்று. முதலில் அண்ணை, "இல்லையம்மா" என்று தொடங்குவார். பிறகு தொடங்குவதை விட்டுவிட்டார். தலையைக் குனிந்து, "சொல்லுங்கோ அம்மா" என்பார். அவள் தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லுவாள்.

சிஞ்ஞோரா காலமாகிவிட்டார். ஓவியங்கள் ஏலத்தில் பல வீடுகளுக்குப் பிரிந்துபோயினவாம். காணியை வடக்கிலிருந்து வந்த ஒரு கொம்பனி வாங்கியது. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ வரலாற்று வேலை கொடுத்தார்கள் என்று அண்மையில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். தோட்டங்களில் பாதி காடாகிவிட்டது. குடிமனையில் வீடுகளெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. இரண்டு வீட்டில் மட்டும் வாடகைக்கு என்று பலகை. நீனாவின் வீடு எதுவென்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது; அவளும் செத்துப் பல காலம். ஆடுகள் இல்லை. மேலே வாசலில் டிக்கெட், உள்ளே புற்றரை, சுவரடியில் வெளிச்சம், QR கோடு. அத்திமரத்தை வேரோடு எடுத்துவிட்டார்கள், சுவருக்குக் கெடுதியாம்.

வழிகாட்டியாக நின்றது ஒரு இளம்பெண். வளைவடியில் எங்களை நிறுத்திச் சொன்னாள்: இந்த மடத்தில் கடைசித் துறவிகள் அண்மைக் காலம்வரை இருந்தார்கள். கிழக்கு நாட்டிலிருந்து வந்த சகோதரர்கள் என்று ஊர்மக்கள் சொல்கிறார்கள். ஒருவர் சாகும் தறுவாயில் இருந்தவர்களின் பக்கத்தில் இருந்து தன் பாசையில் மன்றாடுவாராம். எங்கே போனார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

மகள் என் கையை இழுத்தாள். "பப்பா, che bello, என்ன வடிவான கதை! உண்மையா நடந்ததே?"

"ஓம், நடந்தது" என்றேன். பிறகு வழிகாட்டியிடம் திரும்பி, "அந்தச் சகோதரரின் பெயர் குரூஸ்" என்றேன்.

அவள் மரியாதையாகச் சிரித்தாள். "துறவிகள் சபையில் சேரும்போது தங்கள் பெயரை விட்டுவிடுவார்கள், சிஞ்ஞோரே" என்று சொல்லிவிட்டு, அடுத்த கூட்டத்தைக் கூப்பிட்டாள்.

குரூஸ் அண்ணை பிள்ளைகளிடம் லண்டனுக்குப் போய், அங்கேயே போன வருசம் காலமானார். செத்தவீட்டை நான் வாட்ஸ்அப்பில் பார்த்தேன். பெட்டியடியில் அவருடைய பேரப்பிள்ளைகள் நின்றார்கள். யாரோ ஒருவர் ஆங்கிலத்தில் செபத்தை வாசித்தார், வடிவாகத்தான் வாசித்தார். மன்னார் ராகத்தில் அதை இழுத்துச் சொல்ல அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.